கன்சல்டன்ட் தனபாலனின் முதல் வெற்றி

"பதினாலாம் நம்பர்" என்று பரிமாறும் நளினி கூப்பிட்டதும், பெத்தம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"டாக்டர் எந்த ரூம்ல இருக்காரும்மா?"

"டாக்டர் இல்ல அத்தே, தோசை. கவுண்டர்ல போய் வாங்கிக்குங்க."

"தோசைக்கு நம்பரா? இந்தச் சீட்டைப் பாத்ததுமே எனக்குப் பிரஷர் ஏறிருச்சு. வேணாம்லா."

அவர் போனார். கோயிலுக்குப் போய்விட்டு அவரோடு சாப்பிட வந்திருந்த கூட்டமும் பின்னாலேயே போனது. மலேசியாவின் ரெம்பியா ஊரில் இருந்த தம்புசாமி சாப்பாட்டுக்கடையின் மூலை மேசையில் டை கட்டி உட்கார்ந்திருந்த தனபாலன், அவர்கள் போவதை எட்டி எட்டிப் பார்த்தார். நம்பர் மெஷின் அவருடைய யோசனை.

தனபாலன் பாவம், நல்ல மனிதர். தொழிற்சாலையில் தர அதிகாரியாக இருந்த காலமெல்லாம் எல்லாருக்கும் ஆலோசனை சொன்னார், ஒருவரும் கேட்கவில்லை. காசு கொடுத்தால்தான் ஜனங்கள் காது கொடுப்பார்கள் என்று முடிவுகட்டி, வேலையை விட்டுவிட்டு, டுரியான் துங்கால் ஊரில் தன் வீட்டு முன்கூடத்தில் 'பிசினஸ் கன்சல்டன்ட்' என்று பலகை மாட்டிவிட்டார்.

மனைவி சுசீலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "தீபாவளிக்குள்ள ஒருத்தராவது உங்களால நல்லா இருக்கேன்னு சொல்லணும். இல்லாட்டி எங்கண்ணன் டயர் கடைக்குப் போயிருங்க." அண்ணன் அளவு கேட்காமலேயே நீலச் சட்டை தைத்து வைத்துவிட்டதாகக் கேள்வி.

தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. இருந்த ஒரே வாடிக்கையாளர் இந்தக் கடையை நடத்தும் நிவேந்திரன்தான். கடை அவன் அப்பா தம்புசாமி ஆரம்பித்தது. ஒரு கல்யாண வீட்டில் தனபாலன் பேசியதைக் கேட்டுவிட்டு, நிவேந்திரன் தானாகத் தேடி வந்தவன். சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவான். இப்படி ஒரு வாடிக்கையாளர் அமைய கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"நம்பர் கொஞ்சம் இடிக்குது நிவேந்திரன். எடுத்துரலாமா?"

"ஐயோ, வேணாண்ணே. அது நல்லா வேலை செய்யுது. வேற ஏதாவது இருக்கா?"

தனபாலனுக்கு உற்சாகம் வந்தது. "மரியாதைலதான் கோளாறு. அண்ணே, அக்கா, மாமான்னு கூப்பிட்டா அது புரொஃபெஷனலா? இனிமே எல்லாரும் சார், மேடம்."

மறுநாள் லோரி ஓட்டும் இருளாண்டி வழக்கம்போல வந்து உட்கார்ந்தார்.

"என்ன வேணும் சார்?" என்றாள் நளினி.

இருளாண்டி திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"என்னம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்? நேத்து வரைக்கும் மாமா. இன்னைக்கு சாரா?"

"அப்படித்தான் கூப்பிடணுமாம் சார்."

அவர் இலையைத் தொடாமல் எழுந்துவிட்டார். தம்புசாமி வீட்டார் ஊரோடு உறவை அறுத்துக்கொண்டார்கள் என்று சாயங்காலத்துக்குள் ரெம்பியா முழுக்கப் பேச்சாகிவிட்டது.

மனக்கசப்பைத் தீர்க்க தனபாலன் அடுத்த வழி கண்டுபிடித்தார். சாப்பிட்டு முடித்த ஒவ்வொருவரிடமும் போய், "எங்ககிட்ட என்ன குறை?" என்று கேட்க வேண்டும். அதுவரை மனநிறைவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், கேட்டுவிட்டார்களே என்பதற்காக யோசிக்க ஆரம்பித்தார்கள். சாம்பாரில் உப்பு குறைவு என்பது அப்புறம்தான் அவர்களுக்கே தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர்களையும் ருசி பார்க்கச் சொன்னார்கள். அவர்களும் ஆமாம் என்றார்கள்.

"பிரமாதம்ணே" என்றான் நிவேந்திரன், காலி நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டு.

தம்புசாமிக்குத் தினமும் காலையில் முன்மேசையில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி இட்லி சாப்பிடுவது பழக்கம். வெள்ளிக்கிழமை அப்படி வந்து உட்கார்ந்தபோது நளினி, பாடம் பண்ணியதை மறக்காமல் கேட்டாள்.

"சார், நம்பர் எடுத்தீங்களா?"

பெரியவர் பேப்பரை மடித்தார். செருப்பை மாட்டி, சாலையைக் கடந்து, எதிர்க்கடையில் உட்கார்ந்து மீ கோரிங் நூடுல்ஸும் தே தாரிக் டீயும் சொன்னார். கடை போட்டவரே எதிரில் சாப்பிடுவதைப் பார்த்ததும், மிச்சமிருந்த இரண்டு மேசைக்காரர்களும் அங்கே போய்விட்டார்கள்.

அன்று தனபாலனுக்குச் சோறு இறங்கவில்லை. "நல்லா ஓடிக்கிட்டிருந்த கடை சுசீ. ஒரு குடும்பத்தோட பொழைப்பைக் கெடுத்துட்டேன்" என்றார். உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது. சுசீலா கோபிக்கவில்லை. "போய் மன்னிப்பு கேட்டுட்டு வாங்க. சட்டையை அப்புறம் அளவு பாத்துக்கலாம்" என்றாள்.

மறுநாள் டை கட்டாமல் போனார். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. நிவேந்திரன் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, எல்லாம் என் தப்பு..."

சொல்லி முடிப்பதற்குள் நிவேந்திரன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். "கடையை மூடிக்கன்னு அப்பாவே சாவியைக் கையில கொடுத்துட்டாருண்ணே." கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்து, வீடியோ எடுத்தபடி பேச ஆரம்பித்தான். "வணக்கம். தனபாலன் அண்ணே சொன்னதை அப்படியே செஞ்சேன். இன்னைக்கு நானும் என் குடும்பமும் நல்லா இருக்கோம். கன்சல்டன்ட்னா இவருதான்." அதைத் தனபாலனுக்கு அனுப்பிவிட்டு, சிரித்துக்கொண்டே வேனில் ஏறிப் போய்விட்டான்.

சுசீலா கேட்ட வார்த்தை அச்சுப் பிசகாமல் கையில் இருந்தது. ஆனாலும் துக்கத்தில் பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று தனபாலன் பயந்துபோனார். எதிர்க்கடை ஏப்ரனோடு வாசல் கூட்டிக்கொண்டிருந்த நளினியிடம் ஓடினார்.

"ஏம்மா, கடையே போயிருச்சு. இவன் ஏன் இப்படிச் சிரிக்கிறான்?"

நளினி விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தாள்.

"சாப்பிட ஆளு வந்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் கடையை மூட மாட்டேன், சிங்கப்பூர் வேலையை மறந்துருன்னு தம்புசாமி தாத்தா மகன்கிட்ட ஒரே பிடியா நின்னாரு அங்கிள். கல்யாண வீட்டுல நீங்க பிசினஸ் பத்திப் பேசினதைக் கேட்டுட்டு பாஸ் அன்னைக்கே சிங்கப்பூர்ல வீடு பாத்துட்டாரு."