நாலு குழாயில் ஒரு கொடிப் பாட்டு

பாட்டு தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பிராங்கிளினுக்கு வம்பும் தொடங்கியது.

மாதா கோயில் கொடியேற்றத்துக்கு அவனுடைய மைக்செட். பாட்டை அனுப்பியது இத்தாலியில், ஒரு முதியோர் இல்லத்தில் கன்னியாஸ்திரியாக இருக்கும் அக்கா மரியசெல்வி. 'தெரிஞ்ச பையங்க போட்ட முதல் ஆல்பம். அம்மாவுக்குப் போட்டுக் காட்டு' என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். அட்டைப்படத்தில் பெருங்கூட்டம், நடுவே ஒரு கொடி. இத்தாலி, கொடி, பக்திப் பாட்டுதான், வேறென்னவாக இருக்கும்? அம்மா மட்டும் எதற்கு, திண்டுக்கல்லே கேட்கட்டும் என்று நாலு குழாய் ஸ்பீக்கரிலும் விட்டுவிட்டான். முதலில் கேட்டுப் பார்க்கும் புத்தியெல்லாம் அவனுக்குப் பிறகுதான் வரும்.

கம்ப்யூட்டர் மேளம் அதிர, எதிரே இருந்த கட்சி ஆபீஸிலிருந்து சின்னக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"அப்பு! இது எங்க செங்கொடிப் பாட்டு மெட்டுல்ல! மே தினத்துக்குப் பாடுவோம். கேட்டு எம்புட்டு வருசமாச்சு!"

பிராங்கிளினுக்கு அப்போதுதான் உறைத்தது. பாவம் அக்கா, எவனோ ஏமாற்றியிருக்கிறான். மடத்தில் தெரிந்தால் அவள் கதி?

வார்த்தை கேட்காமலிருக்க மேளத்தை ஏற்றினான். இளவட்டங்கள் ஆட ஆரம்பித்தார்கள். மைக்கைப் பிடித்து, "எல்லாரும் பக்தியா இருங்க" என்றான். கூட்டம் முழந்தாளிட்டு, ஒவ்வொரு கோஷத்துக்கும் "ஆமென்" சொன்னது.

"ஏலே, இதுல ஒரு கொரலு தெரிஞ்ச கொரலாட்டம் இருக்கு" என்றாள் அம்மா இஞ்ஞாசியம்மாள்.

"உனக்கு எந்த இத்தாலிக்காரனத் தெரியும்? செத்த சும்மா இரும்மா!"

பங்குப் பாதிரியார் விறுவிறுவென்று வந்தார். அவர் ரோமில் படித்தவர், இத்தாலி மொழி தெரியும்.

"ஆலை எங்களுக்கேங்கிறான், நம்ம சனம் ஆமென்ங்குது! யாருப்பா இத அனுப்புனது? நான் மேலிடத்துக்கே எழுதுறேன்."

பிராங்கிளின் பாட்டை நிறுத்தினான். "யாரும் அனுப்பல சாமி. நானே தேடிப் பிடிச்சேன். கட்சிப் பாட்டுன்னா எனக்கு உசுரு."

"தோழர்!" என்று சின்னக்கண்ணு அவனைக் கட்டிப்பிடித்தார்.

"நாளையில இருந்து வேற மைக்செட் பாத்துக்கிறோம்" என்றார் சாமி.

திருவிழா வேலை முழுக்கப் போயிற்று. போகட்டும், அக்கா தப்பித்தாள். அவன் மூச்சு விடுவதற்குள் போன் அடித்தது. பதற்றத்தில், பாட்டுக்காகப் போனில் செருகியிருந்த மைக்செட் வயரைப் பிடுங்காமலே எடுத்துவிட்டான். நாலு குழாயிலும் மரியசெல்வி பேசினாள்.

"ஏலே தம்பி, பாட்டப் போட்டியா? எங்க இல்லத்துப் பழைய தோழருங்களோட கோரஸுல நானும் கத்தியிருக்கேன்ல, அம்மா என் கொரலக் கண்டுபிடிச்சுச்சா?"