திரும்பி வராத இரண்டாயிரம் டப்பாக்கள்

நாற்பத்தொரு நாள் ஆகியிருந்தது. கடைகளுக்குப் போன ஐஸ்கிரீம் டப்பாக்கள் இரண்டாயிரம். திரும்பி வந்தவை மூன்று. அதில் ஒன்றை நாய் கடித்திருந்தது.

ஜுசேலியா வேதியியல் படித்தவள். காம்பினா கிராந்தே நகரத்தில் ஜெனிவாலின் ஐஸ்கிரீம் ஆலையில் அவளுக்கு வேலை கிடைத்ததே இந்த டப்பாவுக்காகத்தான். சாப்பிட்டு முடித்ததும் காலி டப்பாவைக் கடையில் கொடுக்க வேண்டும். ஆலை அதைக் கழுவி மறுபடி நிரப்பும். நைந்துபோனால் அரைத்துப் புது டப்பா வார்க்கும். இதை விளக்க முதலாளியின் அறைச் சுவரில் ஒரு வட்டம் வரைந்து மாட்டியிருந்தாள். வட்டம் மட்டும் நன்றாக வந்திருந்தது.

“வெள்ளிக்கிழமைக்குள்ள இருநூறாவது திரும்பணும். இல்லன்னா பழைய மாதிரி தூக்கிப் போடற டப்பாவே போதும். நீயும் வேற இடம் பாத்துக்கோ” என்றார் ஜெனிவால்.

டப்பாக்கள் எங்கே என்று கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அந்த ஊரில் எந்த வீட்டு ஃப்ரீசரிலும் ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். ஆசையாக மூடியைத் திறந்தால் வேகவைத்த பயறு இருக்கும். அங்கே பிறக்கும் குழந்தைக்கு வாழ்க்கையின் முதல் ஏமாற்றம் அதுதான்.

டப்பா கொடுத்தால் குச்சி ஐஸ் இலவசம் என்று ஜுசேலியா அறிவித்தாள். ஒரே நாளில் நானூறு வந்தன. அத்தனையும் மற்ற கம்பெனி டப்பாக்கள். கழுவும் பகுதியில் வேலை பார்த்த நெய்டி அக்கா ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“இது என் கல்யாணத்தப்ப வித்தது, பொண்ணே. அந்தக் கம்பெனியே இப்ப இல்ல.”

சொந்த டப்பாவின் அருமையைப் புரியவைக்க ஜுசேலியா மூடியில் சீட்டு ஒட்டினாள். ‘தொண்ணூறு முறை கழுவலாம். கொதிநீரில் நெளியாது. உறைகுளிரில் வெடிக்காது. எனவே திருப்பித் தாருங்கள்.’ கடைசி வரியைத் தவிர மற்றதை ஊரே படித்தது. விற்பனை இரட்டிப்பானது. ஒரு டப்பாவும் திரும்பவில்லை.

புதனும் வியாழனும் வேனில் வீடு வீடாகப் போனாள். கதவு திறந்தால் ‘மன்னிக்கணும்’ என்பதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வராது.

“டப்பாவா? உள்ள பயறு இருக்கே, மகளே” என்றாள் முதல் வீட்டுப் பெரியம்மா டோனா லின்டால்வா.

“சரிங்க. மன்னிக்கணும்.”

“மூஞ்சிய இப்படி வச்சிக்கிட்டா எப்படி இல்லைங்கறது? பயறோடவே எடுத்துட்டுப் போ. பன்னிக்கறி போட்டிருக்கேன், சூடு பண்றப்ப கிளறி விடு. ஏதாவது சாப்பிட்டியா?”

அடுத்த வீட்டிலும் அவள் முகம் அதே வேலையைச் செய்தது.

வெள்ளி காலை ஆலையின் குளிரறை முழுக்கப் பயறு. இடமில்லாமல் வெளியே வைத்த முந்திரிப்பழ ஐஸ்கிரீம் உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெனிவால் ஒரு டப்பாவைத் திறந்தார். மூடினார். இன்னொன்றைத் திறந்தார். ஐந்து வயதுப் பையன் போல முகம் வாடியது.

“இருநூத்திப் பன்னெண்டு இருக்கு, முதலாளி” என்றாள் ஜுசேலியா, தரையைப் பார்த்தபடி.

“இது ஐஸ்கிரீம் டப்பாவா, பயறு டப்பாவா?”

“ஐஸ்கிரீம் டப்பாதான். மூணு மாசம் சோதிச்சிருக்கோம்.”

“அந்த அறிக்கையக் கொண்டா. உன்ன அனுப்பறதுக்கு முன்னாடி அதையும் பாத்துடறேன்.”

கொண்டுவந்தாள். அவளே எழுதியது, கௌரவமான நடை. அவர் உரக்கப் படித்தார்.

“‘சோதனைப் பொருள்: அடர் பழுப்புக் கூழ்மம். தொண்ணூறு சுற்றுகள். விரிசல் இல்லை.’ என்ன கூழ்மம்? சாக்லேட்டா?”

ஜுசேலியா பக்கத்திலிருந்த டப்பாவின் மூடியைத் திறந்தாள். மூடினாள். அறிவியலில் பொய் சொல்லக் கூடாது என்று படித்திருந்தாள். பேசாமல் இருக்கலாமா என்பது பாடத்தில் வரவில்லை.

நெய்டி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அவள ஏன் முறைக்கறீங்க? சோதிக்க ஐஸ்கிரீம் கேட்டப்ப, விக்கிற சரக்கத் தொடக் கூடாதுன்னு சொன்னது நீங்கதானே. அந்தக் கூழ்மம் என் வீட்டுப் பயறு, முதலாளி. இந்த டப்பாவுல ஐஸ்கிரீம் வச்சு இதுவரைக்கும் யாரும் சோதிக்கவே இல்ல.”