சாயும் மேஜை

அந்தமானில், எங்கள் பாராடாங் ஜெட்டியில் கோணப் பெயிண்டரைப் போல மெதுவாக வேலை செய்த மனிதரை இனி கப்பல் விட்டுத் தேடினாலும் கிடைக்காது. படகுக்கு அவர் பெயிண்ட் அடித்தால், ஒரு பக்கம் முடிவதற்குள் மறுபக்கம் துருப்பிடித்துவிடும். கோணல் என்ற பெயர் மட்டும் என் டீக்கடைப் பலகையால் வந்தது.

பக்கத்துக் கடைக்காரன் ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டிவிட்டான். படகிலிருந்து இறங்குகிற டூரிஸ்டெல்லாம் அங்கேயே போனார்கள். சீசனுக்குள் எனக்கும் ஒரு பலகை ஏறாவிட்டால் அடுப்பை அணைக்க வேண்டியதுதான்.

“ஒரு மேஜை, மேல ஒரு தட்டு வடை. அவ்வளவுதான்யா” என்றேன் பெயிண்டரிடம்.

தடிப் புத்தகம் ஒன்றோடு வந்தார். மாற்றலாகிப் போன ஆபீசர் யாரோ விட்டுப்போனது. பக்கத்துக்குப் பக்கம் படம். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். படம் பார்க்க யார் தயவும் வேண்டாம்.

“இந்தப் படமெல்லாம் வரைஞ்சவரு பிரான்ஸ்காரரு அக்கா. அப்பா பேங்க் வச்சிருந்தாரு. வக்கீலுக்குப் படிடான்னா, படம் வரையப் போயிட்டாரு. ஆப்பிள வச்சு வரைஞ்சா, முடிக்கிறதுக்குள்ள அழுகிடுமாம். ஒரே மலைய சாகுற வரைக்கும் வரைஞ்சிருக்காரு.”

“ஏன், மொத தடவ சரியா வரலியா?”

புத்தகத்தை மூடினார். தினமும் சூடாக ஆறு வடை முன்னால் வைக்கச் சொன்னார். ஆறினால் நிறம் மாறுகிறதாம். ஆறியதை அவரே தின்றார்.

ஒருவழியாகப் பலகையைக் காட்டினார். வடை தங்கம் போல இருந்தது. மேஜைதான் ஒரு பக்கம் சரிந்து, வடையெல்லாம் உருண்டு விழப் பார்த்தது.

“என் கடை மேஜை ஆடுமாய்யா? முப்பது வருஷத்துல ஒரு டம்ளர் சிந்தினதில்ல.”

“புத்தகத்துல பாருங்க அக்கா. எல்லா மேஜையும் சாயுது. ஒரு பழமாவது விழுந்திருக்கா?”

புரட்டிப் பார்த்தேன். விழவில்லை.

திருத்த நாள் இல்லை. மானத்தை விட்டு மாட்டினேன்.

முதல் படகில் வந்த ஜீப் டிரைவர் பலகைக்கு முன்னால் நின்றுவிட்டார். “அரே மாஜி, வடா கிர் ஜாயேகா” என்று, விழுகிற வடையைப் பிடிப்பவர் போலக் கைகளை ஏந்தினார். பின்னால் ஒரு கூட்டமே நின்றது. உள்ளே வந்து மேஜையை ஆட்டிப் பார்த்தார்கள். ஆடாத ஏமாற்றத்தில் ஆளுக்கு நாலு வடை தின்றார்கள். அடுப்பு அன்றிலிருந்து அணையவில்லை.

போன வருஷம் பெயிண்டர் மகள் வீட்டோடு இருக்க மெயின்லேண்டுக்குக் கப்பலேறினார். புத்தகத்தை என்னிடம் விட்டுப்போனார்.

மறுநாள் மேஜையின் ஒரு காலுக்கடியில் கட்டை வைத்தேன். பலகையில் வரைந்தபடியே இப்போது சாய்கிறது. தினமும் ரெண்டு டம்ளராவது சிந்துகிறது. துடைத்துக்கொள்கிறேன்.