அம்மா வள்ளத்தில் ஏறக் கூடாது

கர்த்தருக்குள் பிரியமான மகள் சஜிதாவுக்கு,

குலசேகரத்திலிருந்து அப்பா சுந்தர்சிங் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மருமகன் எட்சனும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தோஹாவில் சூடு குறைந்ததா, பிள்ளைகள் சோறு தின்கிறார்களா என்றெல்லாம் வழக்கமாகக் கேட்பேன், கேட்டதாக வைத்துக்கொள். தினமும் வீடியோ காலில் முகம் பார்க்கிற அப்பா எதற்கு நாலு பக்கம் காகிதத்தில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். என் போனை அம்மா எடுத்துப் பார்க்கிறாள் சஜிதா மக்களே. வாட்ஸப்பில் நான் உனக்கு எழுதுவதை உனக்கு முன்னால் அவள் வாசித்துவிடுகிறாள். ஆகையால் இது. வாசித்ததும் கிழித்துப் போடு.

விஷயம் இதுதான். வருகிற இருபத்திநாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், தேங்காப்பட்டணம் காயலில் உன் தாத்தாவின் பாய்வள்ளத்துக்குப் பிரதிஷ்டை ஜெபம். நம் சபை ஐயர் வந்து ஜெபித்து இறக்கி வைப்பார். அம்மா முதல் ஆளாக ஏறி, பாய் விரித்து அக்கரை வரை போய்வருவாள். சபையில் பாதிப் பேரிடம் சொல்லியாயிற்று. அந்த வள்ளத்தில் அவள் ஏறக் கூடாது. ஏறினால் முங்கும். இது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும், இப்போது உனக்கும்.

முதலிலிருந்து சொல்கிறேன். தாத்தா காலமாகி காயல்கரை வீட்டை விற்றபோது, தேங்காய்க் கதம்பல் மட்டை ஏற்றிக்கொண்டிருந்த அந்த வள்ளத்தை டெம்போவில் கொண்டுவந்து, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உணக்குகிற நம் புகைப்புரைக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டோமே, ஞாபகம் இருக்கும். ஆறு வருஷம் அதற்கடியில் கோழி அடைந்தது. நான் ரிட்டயர் ஆன மறுநாள் காலை அம்மா காப்பியை முன்னால் வைத்துவிட்டு, "எனக்க அப்பாவுக்க வள்ளத்த செரியாக்கித் தருவியளா? சாவியதுக்கு முன்ன ஒருக்கா அதுல பாய் கெட்டிப் போவணும்" என்றாள். முப்பத்திநாலு வருஷத்தில் அவள் வாய் திறந்து என்னிடம் கேட்டது இரண்டே விஷயம். முதலாவது கிரைண்டர். அதற்கு நான் நாலு வருஷம் எடுத்துக்கொண்டேன். அந்த வெட்கத்தில் உடனே சரி என்றுவிட்டேன்.

தெரிந்த ஆளைக் கூப்பிட்டிருக்கலாம். முப்பத்தொரு வருஷம் ரப்பர் தோட்ட ஆபீசில் இருந்தவனுக்கு ஒரு வள்ளம் என்ன பெரிய காரியம் என்ற நினைப்பு. யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர், முதலில் படகை ஈரமில்லாமல் காயவைக்க வேண்டும் என்றார். அவருடையது ஃபைபர் படகு என்பதை நான் கவனிக்கவில்லை. நமக்குக் காயவைக்கத் தெரிந்த வழி ஒன்றுதானே. ஷீட்டையெல்லாம் இறக்கி, கதவு நிலையைக் கழற்றி, வள்ளத்தைப் புகைப்புரைக்குள் தள்ளி ஒன்பது நாள் விடாமல் புகை போட்டேன். பத்தாம் நாள் வெளியே இழுத்துப் பார்த்தால் முதல்தர ஷீட் நிறத்தில் அப்படி ஒரு அழகு. நிமிர்ந்து நின்று ரசித்தேன். குனிந்து பார்த்தபோதுதான் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் சுண்டுவிரல் போகிறது தெரிந்தது. அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் சேலை நிறம் இந்தப் பக்கம் தெரிகிறது.

உடனே போட்டோ எடுத்து, தேங்காப்பட்டணத்தில் வள்ளம் செய்கிற வறுவேலுக்கு அனுப்பிவிட்டு போன் பண்ணினேன். அவன் எதையோ மென்றுகொண்டே, "சார், அதக் கொண்டு காயல் வெள்ளத்துல முக்கிப் போடுங்க. கல்லு ஏத்தி வச்சு பதினஞ்சு நாளு கெடக்கட்டு" என்றான். முங்கக் கூடாது என்று நான் இத்தனை பாடு படுகிறேன், இவன் முக்கச் சொல்கிறான். கிறுக்கன் என்று நினைத்து போனை வைத்துவிட்டேன்.

பிறகு நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன், அதுதான் வினை. மரத்தில் வெட்டுகிற ரப்பர் பால் நம் வீட்டிலேயே இருக்க, கடைப் பசை எதற்கு? மூன்று வாளிப் பாலை வள்ளத்துக்குள் ஊற்றி, இண்டு இடுக்கெல்லாம் தூரிகையால் இழுத்து, ஆசிட் விட்டு உறையவைத்தேன். நன்றாகத்தான் உறைந்தது. வள்ளத்துக்கு உள்ளே இன்னொரு வெள்ளைத் தோல் வந்ததுபோல ஆயிற்று. நாலாம் நாள் நாற்றம் எழும்பியது. ஒட்டுப்பால் நாற்றம் உனக்குத் தெரியாததா? பக்கத்து வீட்டு ராஜபாய் டீச்சர் செப்டிக் டேங்க் ஆளுக்கே போன் பண்ணிவிட்டார். பாய் தைக்கக் கொடுத்தது பந்தல் துணி தைக்கிற கடையில். கைப்பழக்கத்தில் அவர் கீழ்விளிம்பு முழுக்க மஞ்சள் ஜாலர் வைத்துவிட்டார். பிரிக்கச் சொன்னேன். அம்மா, "கெடக்கட்டு, அளகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை, அம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் போன நேரம் பார்த்து, பால் வெட்டுகிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வள்ளத்தை நம் குளத்தில் இறக்கிப் பரிசோதித்தேன். நான்தான் ஏறி உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் பலகை வழியாக வந்த தண்ணீர், நான் ஒட்டிய ரப்பர் தோலுக்கு அடியில் புகுந்து அதை மெல்ல மெல்ல எழுப்பியது. நான் உட்கார்ந்த இடமே உப்பிக்கொண்டு வருகிறது. பிடிக்க ஒன்றுமில்லை. வழுக்கி அந்தப் பக்கம் விழுந்தேன். இடுப்பளவு தண்ணீர்தான், ஆனால் எனக்கு நீச்சல் தெரியாதே, கர்த்தாவே என்று கத்தியது ஜங்ஷன் வரை கேட்டிருக்கும். அம்மாவிடம் தோட்டத்தில் வழுக்கினேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது அவள் தினமும் சாயங்காலம் போய், புகைப்புரைக்குப் பக்கத்தில் திரும்ப ஏற்றி வைத்திருக்கிற அந்த வள்ளத்தில் உட்கார்கிறாள் மக்களே. நாற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முன்பலகையில் உட்கார்ந்து கீர்த்தனை பாடுகிறாள், ஜாலரைத் தடவிப் பார்க்கிறாள். லைஃப் ஜாக்கெட் வாங்கட்டுமா என்றால், "அதப் போட்டா சேலை நிக்காது" என்கிறாள். குளத்தில் நான் விழுந்ததுபோல் காயலில் அவள் விழுந்தால் என்ன ஆகும் என்று ராத்திரியில் எழுந்து எழுந்து உட்கார்கிறேன். காயலில் ஆழம் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்? அவளுக்கும் நீச்சல் தெரியாது. உண்மையைச் சொல்லலாம் என்று மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்று தடவையும், "நீங்க தனியா இருந்து இத்தற வேல செய்துட்டியளே" என்று அவள் முகம் மலர்ந்துவிட்டது. எப்படிச் சொல்ல?

அதனால் நீ இதைச் செய். அம்மாவுக்கு போன் பண்ணி, கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வருகிறோம், முதல் பயணம் பிள்ளைகளோடுதான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடி. அழுதாலும் பரவாயில்லை, சின்னதில் நன்றாக அழுவாய். நான் எழுதியதாக மூச்சு விடாதே. ஐயரிடமும் பேசிப் பார்க்கலாம், ஆனால் அவரும் ஏறி ஒரு சுற்றுப் போவதாக ஆசைப்படுகிறார், அவர் எடை உனக்குத் தெரியும்.

கர்த்தர் உன்னையும் எட்சனையும் பிள்ளைகளையும், உங்கள் வீட்டு ஏசியையும் காப்பாராக; சாலையில் அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுகிற வேகத்திலிருந்தும் காப்பாராக. பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத உன் அப்பா,
சுந்தர்சிங்

பி.கு.: மேலே எழுதியது எதையும் செய்யாதே. அதை எழுதி பதினெட்டு நாளாகிறது. உன் தோஹா முகவரி அம்மாவின் டைரியில் மட்டும்தான் இருக்கிறது. எழுதி முடித்த அன்றைக்கே, மத்தியானம் அவள் படுத்திருந்தபோது டைரியை எடுத்து மேஜையில் கடிதத்தோடு வைத்துவிட்டு, என் கண்ணாடியைத் தேடி அடுக்களைக்குப் போனேன். திரும்பி வந்தால் அவள் நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாம் பக்கம் வாசித்துக்கொண்டிருக்கிறாள், என் கண்ணாடியை மாட்டிக்கொண்டு.

கடைசி வரை வாசித்தாள். நான் குளத்தில் விழுந்தது அன்று சாயங்காலமே அவளுக்குத் தெரியுமாம். "நீங்களா சொல்லுவியளாண்ணு பாத்துட்டிருந்தேன்" என்றாள். பிறகு, "எனக்கு நீச்சல் தெரியாதுண்ணு ஒங்ககிட்ட ஆரு சொன்னது?" என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. நானே அப்படி நினைத்துக்கொண்டதுதான். "காயல்கரையில பெறந்தவளாக்கும் நான். அக்கரைக்கு நீந்திப் போய் நீந்தி வருவேன். கெட்டிக்கிட்டு வந்து முப்பத்திநாலு வருசம். ஒருநா கேட்டியளா?"

கேட்கவில்லை மக்களே. ஒருநாள்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் அரிவாளை எடுத்து அவளே ரப்பரை உரித்துப் போட்டாள். டெம்போவில் காயலுக்குக் கொண்டுபோனோம். வறுவேல் அங்கே நின்றான், சிரிக்கவில்லை, நல்ல பையன். காய்ந்த பலகை தண்ணீர் குடித்து ஊறினால்தான் இடைவெளி தானாக மூடுமாம்; நடுவில் எதையாவது அடைத்தால் மரம் ஊதி ஆணியைப் பிடுங்கிவிடுமாம். ஐயரிடம் சொல்லி ஜெபத்தைத் தள்ளி வைத்தாயிற்று. அம்மா சேலையை வரிந்து கட்டி, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தில் கல் ஏற்றினாள். ஒரு கல்லோடு உள்ளே போனவள் வரவில்லை. நான் கரையில் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கத்தினேன். இருபதடி தள்ளி எழும்பி, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

நேற்று வள்ளத்தைத் தூக்கி மிதக்கவிட்டோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜெபம். உறையில் முகவரியை அம்மாதான் எழுதுகிறாள், கடிதமும் அப்படியே போகட்டும் என்கிறாள். ஒரே ஒரு காரியம். நீச்சல் தெரியாத ஆளை வள்ளத்தில் ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். ஐயர் போகிறார், வறுவேல் போகிறான், ராஜபாய் டீச்சர்கூடப் போகிறார். இந்தக் கடிதம் கைக்கு வந்து சேர்வதற்குள் ஞாயிறு போய்விடும். ஆனாலும் அடுத்த தடவைக்காவது அம்மாவிடம் சொல்லி என்னை ஏற்றிக்கொள்ளச் சொல்லு.