மாப்பிள்ளையின் கம்பெனி மூடப்போகும் பின்வாசல்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், என் தங்கையின் இடது காலைத் தவிர. உங்கள் நலத்தை இதைப் படித்து முடித்த பிறகு தெரிவிக்கவும். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

உங்கள் கம்பெனி அறிவிப்பைப் படித்தேன். வெளியார் எழுதும் புரோகிராம்கள், ஊரே படம் போடும் உங்கள் தளத்துக்குள் போய்வரும் பின்வாசலை அடுத்த மாதம் "மேம்படுத்த"ப் போகிறீர்களாம். பழைய வழி உடனே மூடப்படுமாம், புது வழி "விரைவில்" திறக்குமாம். நான் பஸ் டெப்போவில் காலமெல்லாம் வண்டி அனுப்பியவன். பாலத்தை இடிக்குமுன் மாற்றுப்பாதை என்று ஒரு பலகையாவது வைப்போம். நீங்கள் இடித்துவிட்டு "இனி உங்கள் பயணம் இன்னும் இனிமை" என்று பலகை வைக்கிறீர்கள். கருத்துச் சொல்லலாம் என்று ஒரு பெட்டி வேறு. திறந்தால் அதுவும் மேம்பாட்டில் இருக்கிறது.

உங்களுக்கென்ன போச்சு என்பீர்கள். குடும்பமே போச்சு. என் தங்கை பல் துலக்குவதிலிருந்து படுக்கை விரிப்பது வரை படம் போடுகிறவள், பாராட்டாவிட்டால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று நான் புலம்பியபோது நீங்கள்தானே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தீர்கள்? அது அந்தப் பின்வாசல் வழியாகப் போய், அவள் நல்லது போட்டால் என் பெயரில் பாராட்டும், கெட்டது போட்டால் ஆறுதல் சொல்லும். இரண்டு வருடம் நகமும் சதையுமாக இருந்தோம். அவள் பக்கத்தை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. போன வாரம் உங்கள் ஆட்கள் மாற்றத்துக்கு ஒத்திகை பார்த்தார்களாம், எல்லாம் தலைகீழாகிவிட்டது, அவள் குளியலறையில் வழுக்கிக் காலை முறித்து மாவுக்கட்டோடு படம் போட, என் பெயரில் "அருமை தங்கச்சி, அடுத்ததை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்" என்று போயிருக்கிறது. இன்னொரு கால் பாக்கி இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்திருக்காதா? அவளும் சும்மா விடவில்லை. புதுப் பல்செட்டோடு நான் சிரித்த படத்துக்கு "ஈடுசெய்ய முடியாத இழப்பு அண்ணே" என்று பழிக்குப் பழி. உங்கள் மாமியார் சிரிக்க ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. தங்கை இப்போது போனை எடுப்பதில்லை. எனக்கு இருப்பது ஒரே தங்கை, மாப்பிள்ளை. சோறு இறங்கவில்லை.

ஆகவே எப்பாடு பட்டாவது அந்த வழியை மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவள் போடுவதையெல்லாம் நானே பார்க்க வேண்டிவரும். இந்த வயதில் தாங்காது.

பேரும் பதவியும் பெருகி, போன் எடுக்க நேரமும் வாய்த்து, என் மகளோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
சோறு இறங்காத மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும்போது தங்கை நொண்டிக்கொண்டு வந்து நின்றாள். "நீ போட்டதைப் பாத்து அழுதேண்ணே. அப்புறம் என் பேர்ல உனக்கு என்ன போயிருக்குன்னு பாத்தேன், அழுகை நின்னுடுச்சு. பாராட்டலைன்னா அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாருன்னு உன் மாப்பிள்ளைகிட்ட புலம்பினேன். எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுத்தாரு" என்றாள். ஆக, இரண்டு வருடமாக நாங்கள் ஒருவரை ஒருவர் பாராட்டவேயில்லை, உங்கள் இரண்டு புரோகிராம்கள்தான் பாராட்டியிருக்கின்றன. மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். வழியைத் தாராளமாக மூடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வீட்டுக்கு வாருங்கள். அண்ணனும் தங்கையும் சேர்ந்தே காத்திருக்கிறோம். உங்களிடம் நேரில் பேச வேண்டியிருக்கிறது.