ஒரு குவளை மழை

மச்சான் சனிக்கிழமை வரக்கூடாது என்று புதன்கிழமை காலை முடிவு செய்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நானாக எடுத்த இரண்டாவது முடிவு அது. முதல் முடிவு, வானிலைக் கருவி வாங்கியது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். ஆடிட்டர். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். தனியாக இருக்கும் மனிதர், ஒரு வாரம் நம் வீட்டில் வந்து சாப்பிடட்டும் என்று இவள் அழைத்துவிட்டாள். அவர் சாப்பிடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. படுப்பதில்தான். அவர் படுக்க வேண்டுமென்றால் பின்னறையைக் காலி செய்ய வேண்டும். பின்னறையில் என் வானிலை நிலையம் இருந்தது.

நிலையம் என்று நான் சொல்வேன். அவள் குப்பை என்பாள். மொட்டைமாடியில் ஒரு கம்பம். அதில் காற்றாடி, வெப்பமானி, மழைமானி. கீழே பின்னறையில் அதன் திரை, கம்பிகள், செத்த பேட்டரிகள், கருவிகள் வந்த அட்டைப்பெட்டிகள், அந்த அட்டைப்பெட்டிகள் வந்த பெரிய அட்டைப்பெட்டிகள். கருவி அளப்பதெல்லாம் இணையத்தில் ஒரு வானிலை வரைபடத்துக்குப் போகும். அங்கே எங்கள் தெருவின் மேல் ஒரு சின்னப் புள்ளி. அந்தப் புள்ளிதான் நான்.

அந்தப் புள்ளிக்காக நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. முதல் மாதம் என்னை ஏரிக்கு நடுவில் போட்டிருந்தார்கள். புகார் எழுதினேன். 'உங்கள் புள்ளியை நீங்களே விரலால் இழுத்து வைத்துக்கொள்ளலாம்' என்று பதில் வந்தது. இழுத்துக் கரையேறினேன். அடுத்து, ஊரே வெயிலில் சிவந்திருக்க நான் மட்டும் குளுகுளுவென்று பச்சையாக இருந்தேன். மாடிக்கு ஓடிப் பார்த்தால், அவள் ஈரப் போர்வையை வெப்பமானியின் மேல் காயப்போட்டிருந்தாள். சில நாள் என் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி நின்றது. பெண் கொடுக்கும்போது மாமனார்கூட என்னை அவ்வளவு சந்தேகப்படவில்லை. போதாக்குறைக்கு, என் பழைய போனில் படத்தைப் பெரிதாக்கினால் திரை வெள்ளையாகிவிடும். என்னை நான் தூரத்திலிருந்துதான் பார்த்துக்கொள்ள முடியும்.

"பின்னறை எப்போ காலியாகும்?" என்றாள்.

அடுப்பை ஒட்டிய மூலையில் தையல் மிஷினோடு உட்கார்ந்திருந்தாள். பின்னறையில் இருந்த மிஷின்தான். நிலையம் வந்த அன்று அது சமையலறைக்குக் குடிபெயர்ந்தது. அன்றிலிருந்து அவள் தைக்கும் துணியிலெல்லாம் தாளிப்பு வாசனை என்று வாடிக்கைக்காரர்கள் சொல்கிறார்களாம்.

"அங்கே ரொம்ப நுட்பமான பொருளெல்லாம் இருக்கு."

"எங்க அண்ணனும் நுட்பமாத்தான் படுப்பார்."

"அவர் விடற குறட்டையில காத்து திசையே மாறிடும்."

"அப்ப அதையும் அளந்து அனுப்புங்க."

"ஹால்ல படுக்கக் கூடாதா?"

"தாராளமா. நீங்க படுங்க."

இதற்கு மேல் பேச்சு வளர்த்தால் வராந்தாவில் படுக்க வேண்டியிருக்கும். வாயை மூடிக்கொண்டு மூளையைத் திறந்தேன்.

மச்சானிடம் ஒரு பலவீனம் உண்டு. புது கார். மழை என்றால் வெளியே எடுக்கமாட்டார். டயர் நனைந்தால் அவருக்குத் தும்மல் வரும். இன்னொன்று, மழை பெய்கிறதா என்று அவர் ஜன்னலைத் திறந்து பார்க்கிற ஆள் அல்ல. "வானம் வாய்வார்த்தை, மாப்பிள்ளை. மேப்தான் பதிவு" என்பார். அவர் பார்ப்பது என் புள்ளி இருக்கும் அதே வரைபடம். காட்டிக்கொடுத்தவன் நான்தான்.

மழைமானி என்பது பெரிய விஷயமில்லை. மேலே ஒரு புனல், உள்ளே குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் பலகை மாதிரி குட்டியாக ஒன்று. தண்ணீர் நிறைந்ததும் அது சாயும். சாயும் ஒவ்வொரு தடவையும் மழைக்கணக்கில் சேரும். அது வானத்துத் தண்ணீரா குழாய்த் தண்ணீரா என்று அதற்குத் தெரியாது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் வேறு கருவி கிடையாது. ஆகவே நான் நனைந்தால் வரைபடம் பாதி ஊரை நனைத்துவிடும்.

குளியலறைக் குவளையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். மொத்தமாக ஊற்றினால் சந்தேகம் வரும். இயற்கையாக ஊற்றினேன். முதலில் தூறல். பிறகு வலுத்தது. இறங்கும்போது படிக்கட்டில் அவள் நின்றாள்.

"மேல என்ன வேலை?"

"கருவியைத் துடைக்கிறேன்."

"குவளையாலயா?"

"தண்ணி ஊத்தித் துடைக்கிறேன்."

"நல்லாத் துடைங்க" என்று சொல்லிவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க மேலே போனாள். கோபமே இல்லை. அப்போதே நான் விழித்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமையும் ஊற்றினேன். போனில் பார்த்தேன். ஊரின் மேல் நீலமாக ஒரு கறை. ஊமைக்காயம் போல அழகாகக் கன்றியிருந்தது. பெரிதாக்கிப் பார்க்க ஆசைதான். திரை வெள்ளையாகிவிடுமே என்று விட்டுவிட்டேன். பின்னறையில் உட்கார்ந்து என் பெட்டிகளை ஒருமுறை அன்போடு பார்த்தேன்.

சாயங்காலம் வாசலில் ஹார்ன் கேட்டது.

புது கார். அதிலிருந்து மச்சான் இறங்கினார். பிறகு ஒரு பெட்டி இறங்கியது. பிறகு இன்னொரு பெட்டி.

"என்ன மழை, மாப்பிள்ளை! என்ன மழை!"

நான் வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை.

"எங்க மச்சான்?"

"எங்க வீட்டுப் பக்கம்தான். நேத்திலிருந்து விட்டு விட்டுக் கொட்டுது. எங்க தெரு பள்ளம் வேற. கார் முழுகிடும்னு, காலையில மேப்ல கொஞ்சம் விட்டப்பவே பெட்டிகளை ஏத்திக்கிட்டு ஆபீஸ் போய், அங்கேருந்து நேரா இங்க வந்துட்டேன்."

"நேத்து ராத்திரி வீட்லதானே இருந்தீங்க? நனைஞ்சீங்களா?"

"ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திட்டுப் படுத்தேன். சத்தமே கேக்கல. அவ்வளவு மழை!"

"நேர்ல பாத்தீங்களா, இல்லையா?"

"பாத்தேன்."

"மழையை?"

"மேப்பை."

அவர் போனை வாங்கிப் பெரிதாக்கினேன். நல்ல போன். வெள்ளையாகவில்லை. ஊரின் மறுகோடி, மச்சானின் தெரு, மச்சானின் வீடு, அதன் கூரைமேல் என் புள்ளி. என் பெயரோடு. என் மழையோடு.

சமையலறைக்கு ஓடினேன். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"என் புள்ளியை யார் நகர்த்தினது?"

"நான்தான்."

"கடவுச்சொல் உனக்கு எப்படித் தெரியும்?"

"என் பிறந்தநாள். ரெண்டு வருஷம் மறந்துட்டு வாங்கிக் கட்டிக்கிட்டீங்க. மூணாவது வருஷம் அதையே கடவுச்சொல்லா வெச்சீங்க. ஊருக்கே சொல்லிப் பீத்திக்கிட்டீங்களே!"

"ஏன்டி, எத்தனை பேர் அந்த மேப்பை நம்பறாங்க தெரியுமா? தப்பான தகவல் குடுக்கலாமா?"

"கொடியில துணி மொறுமொறுன்னு காயுது. உங்க மேப்ல நம்ம வீடு முழுகுது. யார் குடுத்தது தப்பான தகவல்?"

அவள் நூலில் முடிச்சுப் போட்டாள்.

"வேணும்னா அண்ணன்கிட்ட போய்ச் சொல்லுங்க. மழையெல்லாம் இல்ல மச்சான், நீங்க வரக்கூடாதுன்னு நான்தான் குவளையில மொண்டு ஊத்தினேன்னு."

பின்னறைக்குப் போய்ப் பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தேன்.

திரை ஒரு பெட்டிக்குள் போனது. பெட்டிகள் ஹாலுக்கு வந்தன. நான் பெட்டிகளுக்கு நடுவில் படுத்தேன். மாடியில் இருக்கும் கருவி மட்டும் தன்பாட்டுக்கு வரைபடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதனால் என்ன? பெய்ய வைத்தவனுக்கு நிறுத்தவும் தெரியும். குவளையைக் குளியலறையில் வைத்துவிட்டேன். மழை விட்டால் மச்சான் போவார். மச்சான் போனால் அறை வரும்.

வெள்ளிக்கிழமை மழை விடவில்லை.

"இன்னிக்கும் பிடிச்சுக்கிட்டிருக்கு, மாப்பிள்ளை" என்றார் மச்சான், போனைப் பார்த்தபடி.

வரைபடம் எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் காட்டும் என்று பொறுத்தேன். சனிக்கிழமையும் விடவில்லை. அன்று மச்சான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தையல் மிஷினைத் தனி ஆளாகத் தூக்கிப் பின்னறை ஜன்னலோரம் வைத்தார்.

"பாருங்க மாப்பிள்ளை, எப்படி வெளிச்சம்! இவ்வளவு நாளா தங்கச்சியை அடுப்புக்குப் பக்கத்துல உக்கார வெச்சிருக்கீங்களே! நான் போனப்புறமும் இது இங்கேயேதான் இருக்கணும். என்ன?"

"நீங்க போறதுன்னா... எப்போ மச்சான்?"

"மழை விட்டதும்."

எனக்கு ரத்தம் கொதித்தது. வரைபடக்காரர்களுக்கு எழுதினேன். நின்றுபோன மழையை இரண்டாம் நாளும் காட்டும் உங்கள் லட்சணத்தை நம்பி மனிதர்கள் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று கேட்டேன். ஞாயிறு காலை பதில் வந்தது. 'உங்கள் கருவி மிகச் சிறப்பாக இயங்குகிறது. சற்று முன்புகூட மழை பதிவாகியுள்ளது.'

இரண்டிரண்டு படியாக மாடி ஏறினேன்.

வெயிலில் கண் கூசியது. கொடியில் துணிகள். கம்பத்தடியில் ஸ்டூல் போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் யாருடையதோ ஒரு சட்டை, பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குளியலறைக் குவளை. இரண்டு தையல் போட்டாள். குவளையை எடுத்துப் புனலில் கொஞ்சம் சாய்த்தாள். மறுபடி இரண்டு தையல். சீரான மழை. என்னுடையதைவிட நல்ல மழை.

நிமிர்ந்து பார்த்தாள்.

"வந்துட்டீங்களா? கீழ போய் அண்ணனுக்கு டீ போடுங்க. மழையை நான் பாத்துக்கறேன்."