சுவர்த்திரையில் ஒன்று

செவிலியர் இடமாறுதல் அலுவலகத்தில் ஒரு கோப்பைத் திறக்க நாற்பது நிமிடம் ஆகிறது என்ற விவரம் இயக்குநரின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அவரும் கவனித்தார். எட்டு மாதமாகக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

அதற்காக நடவடிக்கையே எடுக்கவில்லை என்று யாரும் நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிடக் கூடாது. கறுப்புக் கேபிளைக் கழற்றிவிட்டு நீலக் கேபிள் போட்டார்கள். சர்வர் இருந்த அறைக் கதவில் 'அமைதி காக்கவும்' என்று எழுதி ஒட்டினார்கள். மந்தநிலை ஆய்வுக் குழு கூடி, நூற்றுப்பத்துப் பக்க அறிக்கை தயாரித்து, அனைவரும் படித்துப் பயன்பெற அதைச் சர்வரிலேயே போட்டது. அலுவலகத்தின் நாற்பத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் திறந்தார்கள். அன்று முதல் மற்ற கோப்புகள் திறக்க ஒரு மணி நேரம் ஆனது.

பழுது பார்ப்பவர் சர்வர்க்காரர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. அலுவலகத்தில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. முன்பு துடைப்பம் வைத்திருந்த அறையில், சர்வருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். வேலையில் கெட்டிக்காரர். இடமாறுதல் பட்டியல் அனுப்பும் கடைசி நாளன்று அவருக்குச் சொந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது. அவர் மனைவி செவிலியர்; ஆறு மணி நேரம் பஸ்ஸில் போனால் வருகிற ஊரில் வேலை. நான்கு வயது மகள் இவரிடம் வளர்கிறாள். தினமும் கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போகிறாள். மனைவியின் இடமாறுதல் கோப்பு எல்லாரையும் தாண்டி, இயக்குநரின் ஒப்புதலுக்காகச் சர்வரில் கிடந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் தலைமையகத்துக்குப் போய்விடும். விட்டால் அடுத்த வருடம்தான்.

சர்வருக்கு என்ன நோய் என்று அவருக்கு எப்போதோ தெரியும். கூடத்துச் சுவரில் இயக்குநர் ஒரு பெரிய திரை மாட்டியிருந்தார். யார் எத்தனை கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று நொடிக்கொரு தடவை சர்வரைக் கேட்டுக் காட்டும் திரை. இந்தக் காலத்தில் அப்படியொரு திரை இல்லாவிட்டால் அலுவலகத்தை யார் மதிக்கிறார்கள்? நிறையத் திறந்திருந்தால் நிறைய உழைக்கிறார் என்று அர்த்தம். ஆகவே எல்லாரும் காலையில் வந்ததும் கைக்கு அகப்பட்ட கோப்பையெல்லாம் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள். மூடும் வழக்கமே ஒழிந்தது. கண்காணிப்பாளர் மேடம் அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்புகளோடு முதலிடத்தில் இருந்தார். அதில் பாதி எதைப் பற்றியது என்று கேட்டால் அவருக்கே தெரியாது, பாவம்.

சர்வர்க்காரர் இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, சர்வர்ல மெமரி நிரம்பிப் போச்சு. திறந்து வச்ச ஒவ்வொரு கோப்பும் கொஞ்சம் இடத்தைப் பிடிக்குது. மேஜை முழுக்கக் காகிதம் கிடந்தா ஒண்ணை எடுத்து அடுத்த ரூம் அலமாரில வச்சுட்டு, இன்னொண்ணை எடுத்துட்டு வருவோம் இல்லையா? அது நாள் பூரா அப்படி நடந்தே அலுத்துப் போகுது."

"கூடுதல் மெமரி வாங்க விண்ணப்பம் போடச் சொன்னேனே?"

"போட்டாச்சுங்க. அதுவும் சர்வர்லதான் இருக்கு. செவ்வாய்க்கிழமையில இருந்து திறந்துக்கிட்டிருக்கு."

"அப்போ நடவடிக்கையில இருக்கு." இயக்குநருக்குப் பரம திருப்தி.

"எல்லாரும் வேண்டாத கோப்பை மூடினாலே போதுங்க ஐயா."

"மூடினா திரையில என்ன தெரியும்?"

"கம்மியாத் தெரியும்."

"தலைமையகமும் அதே திரையைத்தான் பார்க்குது, தம்பி. நாங்க சும்மா உக்காந்திருக்கோம்னு நானே எழுதிக் கொடுக்கணுமா?"

கடைசியில் ஒரு மணியிலிருந்து ஒன்று பத்து வரை மட்டும் 'வேக ஒத்திகை' நடத்த அனுமதி கிடைத்தது. கண்காணிப்பாளர் மேடம் மட்டும் மசியவில்லை.

"என் அறுநூத்திப் பன்னிரண்டுக்கு யாருய்யா பொறுப்பு?"

"நானே திரும்பத் திறந்து தர்றேன் மேடம். ஒண்ணு குறையாது."

ஒரு மணிக்கு எல்லாரும் மூடினார்கள். சர்வர்க்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து மனைவியின் கோப்பைத் தட்டினார். கண் மூடித் திறப்பதற்குள் திறந்துகொண்டது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது. எழுந்து இயக்குநரிடம் ஓடினார்.

"ஐயா, என் ரூம்ல கோப்பு திறந்திருக்கு. வந்து ஒப்புதல் மட்டும் குடுத்துட்டா..."

"துடைப்ப ரூமுக்கா? இயக்குநர் தன் இருக்கையில உக்காந்துதான் ஒப்புதல் தரணும்னு விதி இருக்குய்யா. இரு, இங்கேயே திறக்கறேன்."

அதற்குள் தலைமையகத்திலிருந்து போன். அங்கே மொத்த அலுவலகத்துக்கும் சேர்த்து 'ஒன்று' என்று காட்டுகிறதாம். தீ விபத்தா, வேலைநிறுத்தமா என்று கேட்டார்கள். இயக்குநர் கூடத்துக்கு ஓடிவந்து உத்தரவிட்டார். நாற்பத்து மூன்று பேரும் இழந்த மானத்தை மீட்கும் வேகத்தில் முன்னைவிட இரண்டு மடங்கு திறந்தார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற சர்வர்க்காரர் மேடத்தின் மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார். தன் அறையில் ஒன்று திறந்து கிடப்பது அவருக்குச் சுத்தமாக மறந்துபோனது.

இயக்குநரின் மேஜையில் அந்தக் கோப்பு நாலு ஐம்பதுக்குத் திறந்தது. கூடவே ஓர் அறிவிப்பும் வந்தது: 'இக்கோப்பு வேறொருவர் பயன்பாட்டில் உள்ளது. படிக்கலாம், மாற்றம் செய்ய இயலாது.' கீழே ஒரு பெயர்.

"யாருய்யா இது? நம்ம ஆபீஸ்ல இப்படி ஒரு ஆள் இருக்கானா?" என்றார் இயக்குநர்.

மேடம் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சர்வர்க்காரர் பார்த்தார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர். ஒரே ஓட்டமாகத் தன் அறைக்குப் போய் மூடு பொத்தானைத் தட்டினார். 'மூடப்படுகிறது, காத்திருக்கவும்' என்றது சர்வர். காத்திருந்தார். ஐந்து ஏழுக்கு மூடியது. பட்டியல் ஐந்துக்கே போய்விட்டது.

ஒத்திகையின் வெற்றியைப் பாராட்டி ஐந்தரைக்குச் சுற்றறிக்கை வந்தது. இனி தினமும் பத்து நிமிடம் 'அதிவேக நேரம்'. அந்த நேரத்தில் சர்வர் முழு வேகத்தில் இயங்கும் என்பதால், வேகம் கெடாமலிருக்க யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது. திரையில் 'ஒன்று' என்று காட்ட ஒரே ஒரு கோப்பைத் திறந்து வைக்கும் பொறுப்பு சர்வர்க்காரருக்கு வழங்கப்பட்டது.

ஆறு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

"ஒப்புதல் ஆச்சா?"

"ஆகலை. யாரோ கோப்பைத் திறந்து வச்சுட்டு மூடாமப் போயிட்டாங்க."

"யாரு?"

"ஆபீஸ்ல... கூட வேலை பார்க்கிற ஒருத்தன்."

அவள் குரல் உடைந்து சொன்னாள்: "அந்த மனுஷனுக்கு என்ன வந்துச்சு? அவன் பொண்டாட்டி இப்படித் தனியா ஒரு ஊர்ல கிடந்தா அப்பத் தெரியும்."

"ஆமாம்மா," என்றார் சர்வர்க்காரர். "தெரியும்."